பங்கரே இல்லாத கோல்ஃப் மைதானம்: ராயல் ஆஷ்டவுன் ஃபாரஸ்ட்டைச் சுற்றிப் பார்க்க ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் ஹீத் என்ற புதர்வெளி நிலத்து கோல்ஃப் மைதானம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், எல்லோரும் உடனே சன்னிங்டேல் என்பார்கள், இல்லையென்றால் வால்டன் ஹீத் என்பார்கள். இரண்டும் அருமையான இடங்கள்தான். ஆனால் முதல்முறையாக இந்த வகை மைதானத்தின் வடிவமைப்பைப் புரிந்துகொள்ள நினைப்பவருக்கு நான் வேறோர் இடத்தைத்தான் சொல்வேன்: கிழக்கு சசெக்ஸில் ஃபாரஸ்ட் ரோ கிராமத்தை ஒட்டியிருக்கும் ராயல் ஆஷ்டவுன் ஃபாரஸ்ட் கிளப்பின் ஓல்ட் கோர்ஸ். பதினெட்டு ஹோல் (முதல் அடியிலிருந்து குழி வரை உள்ள ஒரு தடம்தான் ஒரு ஹோல்), ஒரு பங்கர்கூடக் கிடையாது. பங்கர் என்பது மணல் கொட்டிய பள்ளம்; டிவியில் கோல்ஃப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கோல்ஃப் மைதானம் என்றாலே கண்ணில் முதலில் படும் அந்தப் பொருளை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

ஓரளவு ஆடத் தெரிந்து, அங்கே ஒரு சுற்று ஆடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் சரி, மட்டையே பிடிக்காமல் நடந்து பார்க்க நினைப்பவர்களுக்கும் சரி, கீழே சொல்வது பயன்படும்.

கிளம்பும் முன் நிலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஹீத் என்பது மணல் கலந்த, புளிப்பேறிய, சத்தில்லாத மண். அதில் பயிர் எடுக்காது. வளர்வதெல்லாம் மூன்று நான்கு செடிகள்தான். ஹெதர் என்ற குட்டைப் புதர், ஆகஸ்டில் ஊதாவாகப் பூக்கும். கார்ஸ் முழுக்க முள், மஞ்சள் பூ. அப்புறம் இடுப்பளவு வளரும் பிராக்கன் என்ற பெரணி. இந்த நிலம் தானாகவே இப்படி வெட்டவெளியாக இருந்துவிடவில்லை. சுற்றுவட்டார மக்கள் நூற்றாண்டுக் கணக்கில் மாடும் ஆடும் மேய்த்தார்கள், பெரணியை அறுத்துத் தொழுவத்தில் பரப்பினார்கள், விறகு வெட்டினார்கள். அதனால் மரம் தலையெடுக்கவில்லை. மேய்ச்சல் குறைந்த இடங்களில் பிர்ச்சும் பைனும் உடனே புகுந்துவிடுகின்றன. அதனால்தான் இன்று பல ஹீத் மைதானங்களில் மரம் வெட்டுவதைப் பார்ப்பீர்கள். பதற வேண்டாம், ஹெதரை மீட்கத்தான் அது.

கோல்ஃப் முதலில் கடலோர மணல்மேடுகளின் ஆட்டம். உள்நாட்டுக் களிமண் நிலத்தில் மழைக்காலத்தில் சேறும் சகதியுமாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், ரயில் போகும் தூரத்தில் லண்டனைச் சுற்றியிருந்த ஹீத் நிலங்களைப் பார்த்தவர்கள், கடலோர மண்ணுக்கு அடுத்தபடி ஆட்டத்துக்கு ஏற்றது இதுதான் என்று கண்டுகொண்டார்கள். வோக்கிங் 1893-இல் வந்தது, சன்னிங்டேல் 1901-இல், வால்டன் ஹீத் 1904-இல். ஆஷ்டவுன் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. 1888 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ஏ. டி. ஸ்காட் என்ற பாதிரியார் முதல் பந்தை அடித்துத் தொடங்கிவைத்தார். ஐந்து வருடம் கழித்து, 1893-இல், விக்டோரியா ராணி 'ராயல்' பட்டம் கொடுத்தார்.

பங்கர் இல்லாமல் போனதற்கான காரணம் கோல்ஃபுக்கு முந்தையது. ஆஷ்டவுன் ஒரு காலத்தில் அரசர்களின் வேட்டைக்காடு. 1693-இல் அதைப் பங்கு பிரித்தபோது சுமார் 6,400 ஏக்கர் பொதுமக்களின் மேய்ச்சல் உரிமைக்கென்று ஒதுக்கப்பட்டது. அந்த உரிமைகள் பற்றி நிலப்பிரபுவுக்கும் மக்களுக்கும் நீண்ட வழக்கு நடந்து, 1885-இல் ஒரு சட்டம் வந்து, பொதுநிலத்தைப் பார்த்துக்கொள்ள காவலர் குழு ஒன்று அமைந்தது. மூன்று வருடம் கழித்து கோல்ஃப் வந்தபோது அந்தக் குழு ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தது. ஆடிக்கொள்ளலாம், ஆனால் நிலத்தின் இயற்கை அமைப்பைத் தோண்டிக் கலைக்கக் கூடாது என்பதுதான் நிலைமை. அந்தக் கட்டுப்பாடு மைதானத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அந்தக் காலத்து உள்நாட்டு மைதானங்களில் ஃபேர்வேயின் (பந்து போக வேண்டிய, புல் வெட்டிய பாதையின்) குறுக்கே நேர்கோட்டில் மண்சுவர் எழுப்பி, அதன் அடியில் பள்ளம் வெட்டுவதுதான் மோஸ்தர். பார்க்கவே சகிக்காது. ஆஷ்டவுன் அதிலிருந்து தப்பியது.

எப்போது போகலாம்

ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. ஹெதர் பூத்திருக்கும், நிலம் காய்ந்து பந்து நன்றாக உருளும். மே மாதமும் பரவாயில்லை, கார்ஸ் மஞ்சளாக இருக்கும். குளிர்காலத்தில் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வோக்கிங் இருக்கும் சர்ரே பக்கத்து மணல் தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும். ஆஷ்டவுன் மண்ணில் மணற்பாறையோடு வண்டலும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கலந்திருப்பதால் ஈரம் சில இடங்களில் தங்கிவிடும். அதே காரணத்தால்தான் மைதானத்தில் இத்தனை ஓடைகள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

போகும் வழி

லண்டன் விக்டோரியாவிலிருந்து ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்கு ரயில், ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து ஃபாரஸ்ட் ரோ மூன்று மைல் சொச்சம், பஸ்ஸோ டாக்சியோ பிடிக்கலாம். முன்பெல்லாம் ஃபாரஸ்ட் ரோவுக்கே ஸ்டேஷன் இருந்தது. 1960-களில் நாடெங்கும் ரயில் பாதைகளை மூடச் சொல்லி அறிக்கை கொடுத்த டாக்டர் பீச்சிங் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில்தான் குடியிருந்தார். தன் வீட்டுப் பக்கத்துப் பாதைக்கும் அவர் தயவு காட்டவில்லை, 1967 தொடக்கத்தில் அது மூடப்பட்டது. தண்டவாளம் இருந்த தடம் இப்போது ஃபாரஸ்ட் வே என்ற நடைபாதை. நேரமும் நல்ல காலும் இருந்தால் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டிலிருந்து அதிலேயே நடந்து வரலாம். காரில் வருகிறவர்கள் விடுமுறை நாளில் ஹார்ட்ஃபீல்ட் பக்கம் சுற்றிக்கொண்டு வர வேண்டாம். வின்னி த பூ என்ற உலகமறிந்த கரடிப் பொம்மையின் கதை நடக்கும் இடம் அது என்பதால் குழந்தைகளோடு வரும் குடும்பங்களின் கார்கள் நிறைந்திருக்கும்.

அனுமதி, உடை, முன்பதிவு

கிளப்பில் இரண்டு மைதானங்கள்: ஓல்ட், வெஸ்ட். வெஸ்ட் நீளம் குறைவு, அதிலும் பங்கர் கிடையாது. ஆடுகிறவர்கள் கிளப்பின் இணையதளத்தில் வெளியாட்களுக்கான நேரம் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். வார நாட்களே வசதி, சனி ஞாயிறு காலைகளில் உறுப்பினர்கள்தான் இருப்பார்கள். கட்டணம் பருவத்துக்குப் பருவம் மாறும், மாலை நேரத்துக்குக் குறைவாக இருக்க வாய்ப்புண்டு, கேட்டுப் பாருங்கள். புதிதாக ஆடத் தொடங்கியவர் என்றால் நேராக ஓல்ட் கோர்ஸுக்குப் போகாமல் வெஸ்ட்டில் ஒரு சுற்று ஆடிவிட்டு, ஓல்ட்டை நடந்து பார்ப்பது நல்லது. ஹெதரில் பத்துப் பந்தைத் தொலைத்துவிட்டு வடிவமைப்பை ரசிக்க யாருக்கும் மனம் வராது.

ஆடாமல் பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு: இது பொதுமக்கள் நடமாடும் ஹீத் நிலம், மைதானத்தின் ஊடாக நடைபாதைகள் போகின்றன. பாதையை விட்டு ஃபேர்வேயில் இறங்க வேண்டும் என்றால் முதல் நாளே அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள். "மைதான அமைப்பைப் பார்க்க வந்திருக்கிறேன், கூட்டம் இல்லாத நேரத்தில் நடந்து பார்க்கலாமா" என்று விஷயத்தைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் நல்ல பதில் கிடைக்கும். கிரீனில், அதாவது குழியும் கொடியும் இருக்கும் வழுவழுப்பான புல்தரையில் மட்டும் கால் வைக்காதீர்கள்.

காலர் வைத்த சட்டை, முழுக்கால் சட்டை, தண்ணீர் புகாத ஷூ. பெரணிக்குள் உண்ணி இருக்கும், ஆகவே கோடையிலும் கால் மூடியிருப்பது நல்லது. வெயில் நாளில் பாதையோரம் விரியன் பாம்பு சுருண்டு கிடக்கலாம். தொந்தரவு செய்யாவிட்டால் அது தன் வழியே போய்விடும். கிளப் கடையில் ஒவ்வொரு ஹோலின் படமும் தூரமும் போட்ட கையடக்கக் கையேடு இருந்தால் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மைதானத்தில் அது ஏன் அவசியம் என்பது அடுத்து வருகிறது.

நடக்கும்போது பார்க்க வேண்டியது

ஒவ்வொரு ஹோலிலும் மூன்று இடங்களில் நில்லுங்கள். முதலில் டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் மேடையில். நிற்கும் இடத்திலிருந்து வெட்டிய புல் தொடங்கும் இடம் வரை எவ்வளவு தூரம் ஹெதர் கிடக்கிறது, அது நேராகக் குறுக்கே கிடக்கிறதா, சாய்வாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். சாய்வாகக் கிடந்தால் அங்கே ஒரு பேரம் இருக்கிறது: துணிந்து நீளமாகத் தாண்டினால் அடுத்த அடி சுலபம், பத்திரமாகக் குறுகிய பக்கம் அடித்தால் அடுத்தது கஷ்டம். இரண்டாவதாக, ஃபேர்வேயின் நடுவில் நின்று பக்கவாட்டில் பாருங்கள். தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது டீயிலிருந்து தெரியாது. மூன்றாவதாக, கிரீனுக்குப் பின்னால் போய் வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். மைதானம் மறைத்து வைத்திருந்ததெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். அவசரம் என்றால் முதல் இரண்டையும் விட்டுவிடலாம், மூன்றாவதை விடக் கூடாது.

இப்போது பங்கர் விஷயத்துக்கு வருவோம். மணற்பள்ளம் தண்டனை கொடுக்கிறது என்று மட்டும்தான் பலரும் நினைக்கிறார்கள். அது இன்னொரு வேலையும் செய்கிறது: கண்ணுக்கு அளவுகோலாக நிற்கிறது. வெள்ளை மணல் தூரத்தில் தெரிந்தால், கிரீன் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மனது கணக்குப் போட்டுவிடும். ஆஷ்டவுனில் அந்தப் பிடி கிடையாது. பச்சைக்கும் பழுப்புக்கும் அப்பால் ஒரு கொடி மட்டும் நிற்கும், நடுவில் ஒரு தாழ்வு ஒளிந்திருக்கும். பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும், இருக்காது. ஒரு பயிற்சி செய்து பாருங்கள்: கிரீனுக்கு எத்தனை கஜம் என்று நீங்களே ஊகித்துவிட்டுப் பிறகு கையேட்டைப் பாருங்கள். ஏழெட்டு ஹோல் போவதற்குள் இந்த நிலம் கண்ணை எப்படியெல்லாம் ஏய்க்கிறது என்று பிடிபட்டுவிடும்.

கிரீனின் ஓரத்திலும் இதே கதைதான். பங்கருக்குள் பந்து விழுந்தால் எல்லோருக்கும் விடை ஒன்றுதான்: மணல் மட்டையை எடு, தோண்டி எடு. இங்கே பந்து கிரீனை விட்டுச் சரிந்து, ஒட்ட வெட்டிய புல்லில் ஒரு சிறு பள்ளத்தில் போய் நிற்கும். பட்டர் என்ற உருட்டு மட்டையால் உருட்டலாம், ஏழாம் நம்பர் இரும்பு மட்டையால் தட்டித் தவழவிடலாம், தூக்கியும் போடலாம். மூன்றுமே சரி, மூன்றுமே தப்பாகவும் போகலாம். கிரீன்களின் முன்பக்கம் பல இடங்களில் திறந்தே இருக்கும். உயரமாக அடித்து இறக்கத் தெரியாத புதியவரும், வயதானவரும் தரையோடு உருட்டிக் கிரீன் சேரலாம். வல்லவரையும் சாதாரண ஆட்டக்காரரையும் ஒரே ஹோலில் திருப்திப்படுத்துவது பல மைதானங்கள் கோடிக் கணக்கில் செலவழித்தும் சாதிக்காத காரியம்.

ஹெதருக்குள் விழுந்தால்

ஆடுகிறவர்கள் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம். ஹெதரின் தண்டு கம்பி மாதிரி உறுதியானது. மட்டை உள்ளே போனதும் அதன் கழுத்தைச் சுற்றிப் பிடித்து முகத்தைத் திருப்பிவிடும். வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் பாயும், பாய்ந்து இன்னும் அடர்ந்த ஹெதருக்குள் போகும். ஆகவே ஒரே புத்தி: அதிகச் சாய்வுள்ள குட்டை மட்டையை எடுத்து, இறுக்கிப் பிடித்து, மிக அருகில் ஃபேர்வே எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் வெளியேறுங்கள். கொடியைப் பார்க்காதீர்கள். அடிக்கவே முடியாத இடம் என்றால், ஒரு அடி தண்டமாகச் சேர்த்துக்கொண்டு இரண்டு மட்டை நீளத்துக்குள், கொடிக்கு அருகே போகாமல் பந்தைப் போட்டுக்கொள்ள விதி இடம் தருகிறது. முந்தைய அடி அடித்த இடத்துக்கே திரும்பிப் போகவும் உரிமை உண்டு. தேட மூன்று நிமிடம்தான். தேடும்போது செடியை மிதித்துத் துவைக்காதீர்கள், ஹெதர் மீண்டும் எழ வருடக் கணக்காகும்.

நின்று பார்க்க வேண்டிய ஹோல்கள்

முதல் நான்கு ஹோல்களில் நிலத்துக்குப் பழகிக்கொள்ளுங்கள். ஐந்தாவது ஒரு பார் ஐந்து, அதாவது நல்ல ஆட்டக்காரர் ஐந்து அடியில் முடிக்க வேண்டிய நீண்ட ஹோல். கிரீனுக்கு முன்னால் ஓடை குறுக்கிடுகிறது. இரண்டாவது அடியிலேயே தாண்டிவிடலாமா, ஓடைக்கு இந்தப் பக்கம் நிறுத்தி மூன்றாவதில் போகலாமா என்று கணக்குப் போட வைக்கும். ஓடைதான் அந்த ஹோலை வடிவமைத்தது. மனிதர்கள் செய்ததெல்லாம் கிரீனைச் சரியான கரையில் வைத்ததுதான்.

ஆறாவதில் தாராளமாக நேரம் செலவழியுங்கள். ஐலண்ட் ஹோல் என்பார்கள். தூரம் 125 கஜம் போல, ஏறக்குறைய 115 மீட்டர்தான். கிரீனைச் சுற்றி ஓடையும் வாய்க்காலும். டீயில் நின்று பார்த்தால் குழந்தைகூட அடித்துவிடும் போலிருக்கும். ஆனால் பாதி அடி, அரைகுறை அடி எதற்கும் அங்கே இடமில்லை, தப்பினால் ஒதுங்க ஒரு பத்திரமான மூலையும் கிடையாது. புளோரிடாவில் செயற்கை ஏரி வெட்டி நடுவில் தீவுக் கிரீன் வைத்து உலகப் புகழ் பெற்றார்கள். இது அதற்கெல்லாம் தாத்தா, அதுவும் ஏரி வெட்டாமலே. ஓடையின் அகலம் ஒரு தாண்டுக்கு மேல் இருக்காது. பந்து நுழைய அந்த அகலம் போதும்.

இதற்கு நேர் எதிராகப் பதினொன்றாவது: அதுவும் பார் மூன்றுதான், ஆனால் கிட்டத்தட்ட 250 கஜம். நல்ல ஆட்டக்காரர்கள்கூட நீளமான மட்டையை எடுக்க வேண்டியிருக்கும். குட்டையான ஆறாவதில் துல்லியம், நீளமான பதினொன்றாவதில் பலமும் அடக்கமும். பார் மூன்று ஹோல்களை மட்டும் அடுத்தடுத்து மனதில் வைத்து ஒப்பிட்டால், ஒரே மைதானம் எத்தனை வகைக் கேள்விகளைக் கேட்கிறது என்று தெரியும். பன்னிரண்டாவது டீயில் ஆட்டத்தை மறந்துவிட்டுச் சற்று நில்லுங்கள். ஹீத் வெளி இறங்கி விரியும் காட்சி அங்கிருந்து கிடைக்கும். மைதானத்துக்கும் சுற்றியுள்ள காட்டுக்கும் எல்லை எங்கே என்று தேடினால் கண்டுபிடிப்பது சிரமம்.

மற்ற ஹோல்களைக் குறைத்துச் சொல்லவில்லை, அவற்றை நீங்களே கண்டுகொள்ளுங்கள்.

உழைப்பாளிகளின் கிளப்

கிளப்ஹவுஸில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கேன்டலூப் கிளப் பற்றிக் கேளுங்கள். 1892-இல் தொடங்கிய ஆர்ட்டிசன் கிளப் அது. கிராமத்துக் கூலியாட்களும் கைவினைஞர்களும் மைதான வேலைகளில் கை கொடுப்பார்கள், பதிலுக்கு ஆடிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. வர்க்கப் பிரிவினை எழுதிவைத்தது போல இருந்த காலத்தில், தனி நுழைவாயில், தனி நேரம் என்ற கட்டுப்பாடுகளோடுதான் இத்தகைய ஏற்பாடுகள் நடந்தன. அதில் முழுப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வழியில் வந்தவர்தான் ஏப் மிட்செல். ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பையைப் பார்த்திருப்பீர்கள், அதன் உச்சியில் மட்டையோடு நிற்கும் சிறிய பொன் உருவம் அவருடையது. கோப்பையைக் கொடுத்த சாமுவேல் ரைடருக்கு கோல்ஃப் கற்றுக்கொடுத்தவர் அவர்.

சில நடத்தை விதிகள்

பந்து வருகிறது என்று எச்சரிக்க "ஃபோர்!" என்று யாராவது கத்தினால் திரும்பிப் பார்க்காதீர்கள், தலையைக் கையால் மூடிக் குனியுங்கள். யாராவது அடிக்கத் தயாராக நின்றால் நடப்பதை நிறுத்திப் பேச்சையும் நிறுத்துங்கள். நாய் கூட்டி வந்தால் வசந்தத்திலும் கோடையிலும் கட்டாயம் கயிற்றில் வையுங்கள். நைட்ஜார், டார்ட்ஃபோர்ட் வார்ப்ளர் போன்ற பறவைகளுக்காகப் பாதுகாக்கப்பட்ட பகுதி இது. நைட்ஜார் தரையிலேயே முட்டையிடும், வார்ப்ளர் தாழ்ந்த புதரில் கூடு கட்டும். ஜூன் மாத மாலை வரை தங்கினால், இருட்டும் நேரத்தில் நைட்ஜாரின் இடைவிடாத கரகரப்பைக் கேட்கலாம். கடைசி பஸ் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எங்கே

ஆஷ்டவுனைப் பார்த்த சூட்டோடு பங்கர் உள்ள மைதானம் ஒன்றைப் பார்ப்பதுதான் சரியான தொடர்ச்சி. அதற்கு வோக்கிங்கைத் தேர்ந்தெடுங்கள். அங்கே நான்காவது ஹோலில், ஃபேர்வேயின் நட்டநடுவில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டூவர்ட் பேட்டன் என்ற உறுப்பினர் வைத்த சிறிய பங்கர்கள் இருக்கின்றன. வலப்பக்கம் ரயில் பாதை, அந்தப் பக்கம் பந்து போனால் எல்லைக்கு வெளியே. ரயில் பாதைக்கும் பங்கருக்கும் நடுவிலுள்ள குறுகிய இடத்தில் துணிந்து அடிப்பவருக்குக் கிரீன் வாகாகக் கிடைக்கும், இடப்பக்கம் ஒதுங்கியவருக்கு அடுத்த அடி இடக்காகும். வைத்தபோது உறுப்பினர்கள் கொதித்தார்கள். சட்டம் படித்தவரான டாம் சிம்ப்சன் அதைப் பார்த்த பிறகுதான் மைதான வடிவமைப்பில் இறங்கினார். வாட்டர்லூவிலிருந்து வோக்கிங்குக்கு ரயில் அரை மணி நேரம்தான், ஸ்டேஷனிலிருந்து டாக்சி எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் முதலில் போன் செய்து நேரம் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.